இத்தாலிக் காருக்குள்ள ஒரு ஹோண்டா எஞ்சின்: பெரியவர்கிட்ட நான் சொல்லாத விஷயம்

(ஒலிவடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

 

போன எபிசோட்ல பேச்சுவாக்குல ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். "என்கிட்ட ஒரு பழைய இத்தாலிக் கார் இருக்கு, அதுக்குள்ள ஹோண்டா எஞ்சின் ஓடுது"ன்னு. அதுக்கப்புறம் வந்த கேள்வியெல்லாம் இதைப் பத்திதான். எப்படி பண்ணினீங்க? எவ்ளோ செலவு? நம்ம ஊர்ல பண்ணலாமா? மூணுக்கும் இன்னிக்குப் பதில் சொல்றேன். யாரும் கேக்காத நாலாவது கேள்வி ஒண்ணு இருக்கு. அதைப் பண்ணியிருக்கணுமா? அதையும் கடைசியில பேசிடலாம்.

கார் எது?

நான் கோயம்புத்தூர்க்காரன். வேலைக்காக இங்கிலாந்து வந்து கோவென்ட்ரி பக்கம் இருக்கேன். கார் பைத்தியம் சின்ன வயசுலயே இருந்தது. நம்ம ஊர்ல ஃபியட்னு சொன்னா தாத்தா வச்சிருந்த பிரீமியர் பத்மினிதான் ஞாபகம் வரும். ஸ்டியரிங் பக்கத்துல கியர், சைடுல திறக்குற சின்ன முக்கோணக் கண்ணாடி. அதே ஃபியட், எக்ஸ்1/9னு ஒரு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்கன்னு இங்க வந்துதான் எனக்குத் தெரியும்.

1972ல வந்த கார். வரைஞ்சது பெர்த்தோனே டிசைன் நிறுவனத்துல இருந்த மார்செல்லோ காந்தினி. லம்போர்கினி மியூரா, கவுன்டாக் எல்லாம் வரைஞ்ச அதே ஆள்தான். 2024ல காலமானார். கோடீஸ்வரங்களுக்கு வரைஞ்ச கை, சாதாரண சம்பளக்காரன் வாங்குற மாதிரியும் ஒண்ணு வரைஞ்சிருக்கு. அதான் இந்தக் கார்.

இதுல ஒரு புத்திசாலித்தனம் உண்டு. ஃபியட் 128னு ஒரு குடும்பக் கார். அதுல எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னாடி, குறுக்கா உட்கார்ந்திருக்கும். அந்த மொத்தத்தையும் அப்படியே தூக்கி சீட்டுக்குப் பின்னாடி வச்சுட்டாங்க. முன்சக்கரத்தை ஓட்டினது இப்போ பின்சக்கரத்தை ஓட்டுது. குறைஞ்ச செலவுல நடு எஞ்சின் கார் ரெடி. ஒரு சீட்டுக்குப் பின்னாடி பெட்ரோல் டேங்க், இன்னொரு சீட்டுக்குப் பின்னாடி ஸ்டெப்னி. முன்னாடி ஒரு டிக்கி, பின்னாடி ஒரு டிக்கி. கூரையைக் கழட்டி முன் டிக்கியில வச்சுக்கலாம்.

முதல்ல 1,290 சிசி, 75 குதிரைத்திறன். 1978ல 1,498 சிசி, 85 குதிரைத்திறன், அஞ்சு கியர். எஞ்சினை வடிவமைச்சவர் ஔரேலியோ லாம்ப்ரெதி. ஃபியட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஃபெராரிக்கு எஞ்சின் செஞ்சவர். சின்ன எஞ்சின்தான், ஆனா மிதிச்சா மேல மேல சுத்திக்கிட்டே போகும். சத்தம் காதுக்குப் பின்னாடியே கேக்கும்.

என்னோடது 1985 மாடல். அந்த நேரத்துல ஃபியட் பேர்ல இல்லாம பெர்த்தோனே பேர்லயே வித்தாங்க.

பெரியவர்

இந்தக் காரை நான் வாங்கினது பெட்ஃபோர்ட்ல ஒரு இத்தாலியப் பெரியவர்கிட்ட. பெட்ஃபோர்ட்ல எப்படி இத்தாலிக்காரங்கன்னு கேப்பீங்க. ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் இங்க வீடு கட்ட செங்கல் ஏகத்துக்கும் தேவைப்பட்டுச்சு. சூளையில வேலை செய்ய உள்ளூர்ல ஆள் கிடைக்கல. 1950கள்ல தெற்கு இத்தாலி கிராமங்கள்ல இருந்து ஆயிரக்கணக்குல ஆள் எடுத்தாங்க. அப்படி வந்த குடும்பம் அவரோடது. அப்பா சூளையில செங்கல் அடுக்கினவர், மகன் எலக்ட்ரீஷியன். அவர் கைக்காசுல புதுசா வாங்கின ஒரே இத்தாலிக் கார் இது. முப்பது வருஷத்துக்கு மேல வச்சிருந்தார். முட்டி வலி வந்து, அவ்வளவு தாழ்வான காருக்குள்ள இறங்கி ஏற முடியாம வித்தார்.

விலை பேசும்போது ரொம்ப இழுக்கல. சாவியைக் கொடுக்குறப்ப ரெண்டே விஷயம் சொன்னார். "டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கிட்டே ஓட்டு. அப்பப்போ போன் பண்ணு, கார் எப்படி இருக்குன்னு சொல்லு."

முதல் விஷயத்தை நான் கேக்கல.

வாங்கி எட்டாவது மாசம். மோட்டார்வேல போறேன், நல்ல வெயில், கூரை கழட்டியாச்சு, பாட்டு ஓடுது. முள் மெதுவா மேல ஏறுது. பார்த்தேன். பார்த்துட்டு, "அடுத்த எக்ஸிட்ல நிறுத்திக்கலாம்"னு விட்டேன். அடுத்த எக்ஸிட் வர்றதுக்குள்ள ஆவி, அப்புறம் சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்ல.

காரணம் இதுதான். எஞ்சின் பின்னாடி இருக்கு, ரேடியேட்டர் முன்னாடி இருக்கு. தண்ணி போக வர காருக்கு அடியில நீளமா ரெண்டு இரும்புக் குழாய். முப்பது வருஷ மழை, பனிக்குத் தூவுற உப்பு, எல்லாம் சேர்ந்து ஒரு குழாயில துரு ஓட்டை போட்டிருச்சு. தண்ணி மொத்தமும் ரோட்டுல. ஹெட் வளைஞ்சு, ரெண்டு பிஸ்டன் சிலிண்டர்ல உரசிப் பிடிச்சிருச்சு. முள் ஏறின உடனே ஓரங்கட்டியிருந்தா, போனது அந்தக் குழாய் மட்டும்தான்.

அந்த ஞாயித்துக்கிழமை பெரியவர் போன் பண்ணினார். "கார் எப்படி இருக்கு?"

"சூப்பரா ஓடுது"ன்னு சொன்னேன்.

ஏன் ஹோண்டா?

இப்போ ஒரு உண்மையைச் சொல்லிடறேன். "பழைய எஞ்சினைச் சரி பண்ண ரொம்ப செலவாகும், அதனாலதான் மாத்தினேன்"னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். பொய். ஹெட்டை லேத்ல கொடுத்து சமன் பண்ணி, சிலிண்டரை போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டிருந்தா, எஞ்சின் மாத்தின செலவுல பாதி கூட ஆகியிருக்காது. எனக்கு ஆசை. 85 குதிரையை 200 ஆக்கணும்னு ஆசை. எஞ்சின் போனது எனக்கு ஒரு சாக்கு.

ஹோண்டாவோட கே20. 2001ல வந்த சிவிக் டைப் ஆர் காரோட எஞ்சின். 1,998 சிசி, முழுக்க அலுமினியம், 200 குதிரைத்திறன். பல பேர் பழைய கார்கள்ல இதைப் போடுறதுக்கு நல்ல காரணங்கள் இருக்கு.

முதல் காரணம், சுத்துற திசை. ஹோண்டாவோட பழைய எஞ்சின்கள் பல, மத்த கம்பெனி எஞ்சின்களுக்கு எதிர்த் திசையில சுத்தும். கே வரிசை வழக்கமான திசையில சுத்தும். ரெண்டாவது, புகைக்குழாய் எஞ்சினுக்குப் பின்பக்கம் இருக்கு. சிவிக்ல அது டிரைவர் பக்கம் பார்த்து நிக்கும். நடு எஞ்சின் கார்ல அதே மாதிரி வச்சா நேரா சைலன்சர் பக்கம் போயிடும். மூணாவது, அந்த வருஷ மாடல்ல ஆக்ஸிலரேட்டர் கேபிள்லதான் வேலை செய்யும், எலக்ட்ரானிக் இல்ல. பழைய காரோட மிதிக்கட்டையே போதும்.

இன்னொரு சுவாரஸ்யம். எஞ்சினை நான் எடுத்த சிவிக் கார் பொருத்தப்பட்டது ஜப்பான்ல இல்ல, இங்கிலாந்து ஸ்விண்டன்ல. அந்தத் தொழிற்சாலை 2021ல மூடியாச்சு. ஆக, இத்தாலிக் காருக்குள்ள இங்கிலாந்துல பூட்டின காரோட ஜப்பான் எஞ்சின், அதை மாட்டினது கோயம்புத்தூர்க்காரன்.

எப்படி?

வாடகை கேரேஜ் ஒண்ணு, கூட ரெண்டு நண்பர்கள், பதினாலு மாசம் சனி ஞாயிறு. எஞ்சினைப் பொருத்துறதுதான் கஷ்டம்னு நினைச்சேன். அது மூணே வாரம். மிச்சம் ஒரு வருஷம் போனது சுத்தி இருக்கிற விஷயங்களுக்கு.

கியர்பாக்ஸ்: எஞ்சினோட வந்த ஹோண்டாவோட ஆறு கியர் பாக்ஸையே வச்சுக்கிட்டோம். ஆனா ஃபியட்ல கியர் மாத்துறது இரும்புத் தண்டுல, ஹோண்டாவுல கேபிள்ல. நடுவுல புதுசா கேபிள் ஓட்டணும்.

ஆக்சில்: உள்பக்க மூட்டு ஹோண்டா, வெளிப்பக்க மூட்டு ஃபியட். ரெண்டையும் சேர்க்குற தண்டு எந்தக் கடையிலயும் கிடைக்காது. அளவெடுத்துச் செய்யக் கொடுத்தோம். முதல் தடவை நான் அளவைத் தப்பா எடுத்தேன். அந்தக் காசு போச்சு.

பெட்ரோல்: பழைய கார்புரேட்டருக்கு பெட்ரோல் சொட்டுச் சொட்டா வந்தா போதும். இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு 3 பாருக்கு மேல அழுத்தம் வேணும். புது பம்ப், அந்த அழுத்தம் தாங்குற புதுக் குழாய், மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப வர ஒரு வழி. இதுல காசு மிச்சம் பிடிக்காதீங்க. டேங்க் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு.

மூளை: எஞ்சினை வாங்கும்போது அதோட ஈசியு, சாவி, சாவியில இருக்கிற சிப், வயரிங், எல்லாத்தையும் ஒரே கார்ல இருந்து சேர்த்து வாங்குங்க. தனித்தனியா வாங்கினா ஒண்ணை ஒண்ணு திருடன்னு நினைச்சு ஸ்டார்ட் ஆகாது.

தண்ணி: அந்த ரெண்டு குழாயையும் துருப்பிடிக்காத எஃகுல மாத்தினோம். இதை முதல் நாளே செஞ்சிருந்தா இந்த எபிசோடே இல்ல.

எல்லாத்துக்கும் நடுவுல எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கிட்டேன். பாடியோட முக்கியமான எதையும் வெட்டக் கூடாது. போல்ட்டைக் கழட்டினா பழைய எஞ்சின் அதே இடத்துல திரும்ப உட்காரணும். நல்ல மனசுன்னு நினைக்காதீங்க. குற்ற உணர்ச்சி.

செலவு? போட்ட பட்ஜெட் 4,000 பவுண்ட். முடிஞ்சப்ப 9,000த்தைத் தாண்டிருச்சு. வீட்டுல சொன்ன கணக்கு 6,000. இந்த எபிசோட் வந்ததும் அதுவும் தெரிஞ்சிடும்.

இவ்வளவு நாளும் பெரியவர் மாசத்துக்கொரு தடவை போன் பண்ணிக்கிட்டிருந்தார். நானும் "நல்லா ஓடுது"ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

சட்டம் என்ன சொல்லுது?

இங்க நான் பண்ணப்ப இருந்த விதி ஒரு மார்க் கணக்கு. சேஸி அல்லது பாடிக்கு 5, சஸ்பென்ஷன் 2, ஆக்சில் 2, கியர்பாக்ஸ் 2, ஸ்டியரிங் 2, எஞ்சினுக்கு வெறும் 1. பழையதுல 8 மார்க் மிச்சம் இருந்தா அதே நம்பர் பிளேட் இருக்கலாம். எனக்கு பாடி, சஸ்பென்ஷன், ஸ்டியரிங் சேர்ந்து 9. தப்பிச்சேன். வருஷா வருஷம் நடக்குற சோதனையில புகை அளவு பார்க்கும்போது கார், எஞ்சின், ரெண்டுல எது பழசோ அதுக்குரிய அளவுல பார்ப்பாங்க. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட ஒண்ணு விடாம சொல்லணும். சொல்லாம விட்டா விபத்து நேரத்துல காப்பீடு இருந்தும் இல்லாத மாதிரி.

நம்ம ஊர்ல? அம்பாசடருக்குள்ள என்னென்னவோ டீசல் எஞ்சினைத் தூக்கிப் போட்டு டாக்ஸி ஓட்டின ஊருதான் நாம. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாது. 2019ல உச்ச நீதிமன்றமும் அதைத் தெளிவா சொல்லிருச்சு. அதே மாதிரி எஞ்சினை மாத்தணும்னாலே ஆர்டிஓ அனுமதி வேணும். வேற கம்பெனி எஞ்சினைப் போட்டு ரோட்டுல ஓட்டலாம்னு இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாரும் கிளம்பாதீங்க.

அந்த ரவுண்டானா

கார் ரெடியாகி ரெண்டாவது வாரம். என் மனைவியைக் கூட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு போனேன். மலைப்பாங்கான சின்ன ரோடு. கே20 எஞ்சின் 6,000 ஆர்பிஎம் பக்கம் வந்ததும் சத்தமே மாறும், யாரோ பின்னாடி இருந்து தள்ளுற மாதிரி இருக்கும். 8,000 பக்கம்தான் சிவப்புக் கோடு. ஒரு டன் கூட இல்லாத கார் அது. நான் சிரிச்சுக்கிட்டே ஓட்டுறேன்.

இறக்கத்துல ரவுண்டானா வருது. பிரேக்கை மிதிச்சேன், பிடிச்சுது. அடுத்த இறக்கம், அடுத்த ரவுண்டானா. மிதிச்சேன், கொஞ்சம் லேட்டா பிடிச்சுது. மூணாவதுல பெடல் அழுந்துது, கார் நிக்கல. கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ரவுண்டானாவுக்குள்ள பாதி நுழைஞ்சு நின்னோம். இடது பக்கம் ஒரு வேன் ஹாரன் அடிச்சுக்கிட்டே சுத்திப் போச்சு. வேற ஒண்ணும் ஆகல.

என் மனைவி கத்தல. பெல்ட்டைக் கழட்டினாங்க. "என்னை வீட்டுல விட்டுடு. இதுல இனிமே நான் வரல"ன்னாங்க. அவ்வளவுதான்.

நான் படிச்சது மெக்கானிக்கல் எஞ்சினியரிங். வேகம் கூடினா ஆற்றல் அதோட வர்க்கத்துல கூடும்னு பரீட்சையில எழுதினவன். மணிக்கு 100 கிலோமீட்டர்ல போற காரை நிறுத்துறதைவிட 140ல போற காரை நிறுத்த ஏறக்குறைய ரெண்டு மடங்கு வெப்பத்தை பிரேக் முழுங்கணும். 85 குதிரைக்குச் செஞ்ச டிஸ்க்கை அப்படியே விட்டுட்டு 200 குதிரையை மாட்டியிருக்கேன். எஞ்சினுக்கு ஒரு வருஷம் பார்த்தவன் பிரேக்குக்கு ஒரு சனிக்கிழமை கூட ஒதுக்கல.

அந்தக் குளிர்காலம் முழுக்க கார் ரோட்டுக்கு வரல. பெரிய டிஸ்க் போடணும்னா பழைய 13 இன்ச் வீலுக்குள்ள இடம் இல்ல. அப்போ வீல் மாத்தணும். வீல் மாத்தினா டயர். காற்றோட்டமுள்ள டிஸ்க், புது காலிப்பர், புது பிரேக் குழாய். இதெல்லாம் முதல்ல, எஞ்சின் கடைசியில. யாராவது செய்யப் போறீங்கன்னா இந்த வரிசையை மட்டும் எழுதி வச்சுக்கோங்க: பிரேக், டயர், தண்ணி, பெட்ரோல், அப்புறம் எஞ்சின்.

பெட்ஃபோர்ட்

வசந்த காலத்துல பெரியவர் கூப்பிட்டார். "ஒரு நாள் எடுத்துட்டு வாயேன். ஓட்ட முடியாது, பக்கத்துல உட்கார்றேன். சத்தம் கேக்கணும்."

ரெண்டு வாரம் சாக்கு சொன்னேன். அப்புறம் போனேன்.

தெருமுனையில நுழையும்போதே அவர் வாசல்ல நிக்கிறார். நான் நிறுத்துறதுக்கு முன்னாடியே அவர் முகம் மாறிருச்சு. முப்பது வருஷம் கேட்ட காது. நான் இறங்கி, எல்லாத்தையும் சொன்னேன். முள் ஏறினதைப் பார்த்தும் ஓட்டினதை, போன்ல சொன்ன பொய்யை, எல்லாத்தையும்.

அவர் ஒண்ணும் பேசல. பின்னாடி போய் மூடியைத் திறக்கச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். வயரிங்கைத் தொட்டுப் பார்த்து, "யார் கட்டினது?"ன்னார். "நான்தான்." "சுத்தமா இருக்கு." அப்புறம் பல்லைக் கடிச்சுக்கிட்டு முட்டியை மடக்கி உள்ள உட்கார்ந்தார்.

ஊரைத் தாண்டி ஒரு நேர் ரோட்டுல 8,000 வரைக்கும் கொண்டு போனேன். கையை டாஷ்போர்டுல ஊன்றிக்கிட்டு இருந்தார். திரும்பி வந்து நிறுத்தினதும் சொன்னார்: "நல்ல எஞ்சின். நல்ல வேகம். ஆனா இது என் கார் இல்ல."

நான் மன்னிப்பு கேட்டேன். "காரை உனக்கு வித்துட்டேன், அதுக்கு மன்னிப்பு வேண்டாம். போன்ல சொன்னதுக்குக் கேளு"ன்னார். கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "பழைய எஞ்சின் எங்க?"

"கேரேஜ்ல. எண்ணெய் தடவி, துணி சுத்தி வச்சிருக்கேன்."

"விக்காதே."

நாலாவது கேள்விக்கு இப்போ வர்றேன். பண்ணியிருக்கணுமா? அந்த வேலை எனக்குக் கத்துக்கொடுத்ததை வேற எதுவும் கத்துக்கொடுக்கல. காரும் இப்போ பிரமாதமா ஓடுது, நிக்கவும் நிக்குது. ஆனா மறுபடியும் அந்த மோட்டார்வேல நிக்கிறேன்னு வைங்க, பழைய எஞ்சினைத்தான் சரி பண்ணுவேன். செத்த எஞ்சினுக்குப் பதிலா மாத்துறது வேற. சரி பண்ணக் கூடிய எஞ்சினை, நம்ம தப்பை மறைக்க மாத்துறது வேற. உங்க கேரேஜ்ல உங்களோடது எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

ஹெட்டை லேத்ல சமன் பண்ணி வாங்கியாச்சு. பிஸ்டன் இத்தாலியில இருந்து வரணும். பெரியவர் இப்பவும் மாசத்துக்கொரு தடவை போன் பண்றார். "கார் எப்படி இருக்கு?"ன்னு கேக்குறதில்ல. "எஞ்சின் எதுவரைக்கும் வந்திருக்கு?"ன்னு கேக்குறார். எதுவரைக்கும் வந்திருக்கோ, அதை மட்டும் சொல்றேன்.

 வண்டியில இருக்கிறவங்க ஒரு தடவை அந்த டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.